நல்லா இருக்கேன் என்று சொல்லப் பழகியவள்

ஆட்டோக்காரர்களிடம் நான் தோற்றதில்லை. தண்ணீர் லாரிக்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், மாடி வீட்டில் விடியற்காலையில் மிக்ஸி ஓட்டுகிறவர், யாராக இருந்தாலும் ஒரு கை பார்த்துவிடுவேன். மயிலாப்பூரில் எங்கள் தெருவுக்குக் காய்கறி வண்டி கொண்டுவருகிறவர் என் தலையைப் பார்த்ததும் முற்றல் வெண்டைக்காயை அடியில் தள்ளிவிடுவார். அப்படிப்பட்ட நான் அடையாறில் ஓர் இல்லத்தின் வரவேற்பறையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வாயில் வந்த வார்த்தைகளை எல்லாம் ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் தங்கை அந்த இல்லத்தில் இருந்தாள். அதுதான் காரணம்.

அவளுக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. பேச்சு மட்டும் சில வார்த்தைகளோடு நின்றுவிட்டது. அக்கா, பிஸ்கட், பஸ், போலாம். இவை போக ஒரு முழு வாக்கியம் உண்டு. அதை அம்மா சொல்லிக்கொடுத்தாள்.

வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்கள் அவளைப் பார்த்ததும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, "எப்படிம்மா இருக்கே?" என்று இழுப்பார்கள். அந்த இழுப்பு அம்மாவுக்கு ஆகாது. அவர்கள் போன பிறகு அன்று முழுக்கப் பாத்திரங்கள் சமையலறையில் உருளும். பிறகு ஒரு நாள் அம்மா ரிப்பன் பக்கோடா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தங்கையை எதிரில் உட்காரவைத்தாள். "எப்படி இருக்கே?" என்று அம்மா கேட்பாள். "நல்லா இருக்கேன்" என்று நான் சொல்லிக் காட்டுவேன். அவள் சொன்னால் ஒரு துண்டு. எத்தனை டப்பா காலியானதோ தெரியாது, கடைசியில் அவளுக்கு அது வந்துவிட்டது. அடுத்து வந்த சித்தப்பா அசந்துபோனார். அம்மா அன்று நிமிர்ந்து நடந்ததை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு கல்யாண வீட்டில், கோவிலில், மாடிப்படியில், யார் கேட்டாலும் அவள் அதையே சொன்னாள். மஞ்சள் காமாலை வந்து கண்ணெல்லாம் மஞ்சளாகக் கிடந்தபோது டாக்டர் கேட்டார். அவரிடமும் "நல்லா இருக்கேன்" என்றாள். டாக்டர் சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்தோம். பல வருடம் அதை எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

அம்மா போன பிறகு நாங்கள் இருவர்தான். நான் தனிக்கட்டை. தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. காலையில் அவளுக்குச் சாப்பாடு எடுத்துவைத்துவிட்டு, கதவை வெளியே பூட்டிக்கொண்டு போவேன். ஒரு நாள் பூட்டு சரியாக விழவில்லை. லஸ் கார்னரில் பஸ்களுக்கு நடுவில் நைட்டியோடு நின்றவளை டிராஃபிக் போலீஸ்காரர் ஒருவர் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிவந்திருக்கிறார். நான் கடையிலிருந்து ஓடிவந்தபோது, "கேட்டா நல்லா இருக்கேன்னு சொல்லுதும்மா" என்றார் அவர். அதற்குப் பிறகுதான் அவளைப் போன்றவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் தேடினேன். பல இடங்களில் இடமில்லை என்றார்கள். சில இடங்களில் அவளைப் பார்த்துவிட்டு இடமில்லை என்றார்கள்.

அடையாறில் கிடைத்தது. மரங்கள் நிறைந்த தெரு, பழைய பங்களா, பெண்கள் மட்டும். பொறுப்பாளர் அம்மாள் மெதுவாகப் பேசினார். பகலில் பார்த்துக்கொள்ள ஓர் ஆயா. ஆற்றோரத்தில் இருந்த வீட்டை அரசாங்கம் இடித்துவிட்டு அவர் குடும்பத்தை ஊருக்கு வெளியே குடியேற்றியிருந்ததால், பஸ் மாறி பஸ் ஏறி வேலைக்கு வருகிறவர். தோளில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். அவரை எனக்குப் பிடித்திருந்தது. "உன் தங்கச்சிக்கு ஒண்ணும் ஆவாதும்மா, நா பாத்துக்கினு தானே கீறேன்" என்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கலாம் என்று விதி. மாலையில் நான் கிளம்பும்போது தங்கை "பஸ்" என்பாள். நான் திரும்பிப் பார்க்காமல் கேட்டைச் சாத்துவேன்.

ஒரு ஞாயிறு அவளுக்குக் கேசரி ஊட்டினேன். வாய் ஓரத்தில் ஒழுகியது. துடைக்கலாம் என்று பையிலிருந்து துண்டை எடுத்தேன். உடனே அவள் இரண்டு கைகளையும் சேர்த்து என் முன்னால் நீட்டினாள். மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டி, உள்ளங்கை மேலே பார்த்தபடி. எனக்குச் சிரிப்பு வந்தது. சின்ன வயதில் பண்டிகைக்கு அம்மா வளையல் போட்டுவிடும்போது அவள் இப்படித்தான் நீட்டுவாள். "வளையல் வேணுமாடி உனக்கு?" என்றேன். அவள் கையை எடுக்கவில்லை. நான் துண்டைப் பைக்குள் வைத்த பிறகுதான் கை இறங்கியது.

அடுத்த வாரம் மாட வீதியில் வளையல் வாங்கினேன். கண்ணாடி வளையல் கூடாது என்று இல்லத்தில் சொல்லியிருந்ததால் பிளாஸ்டிக், சிவப்பும் பச்சையும், கை நிறைய. ஒவ்வொன்றாகப் போட்டுவிடும்போது முகத்தைச் சுளித்தாள். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன். சுற்றிலும் கறுப்பாக ஒரு தடம். இன்னொரு கையிலும் அதே இடத்தில், அதே அகலத்தில்.

"இது என்ன ஆயாம்மா?"

"கொசு கடிச்சிச்சிம்மா. சொறிஞ்சிக்கிச்சி." சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. தோளில் கிடந்த துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

கொசு இவ்வளவு ஒழுங்காகக் கோடு போட்டுக் கடிக்குமா என்று கேட்டிருக்க வேண்டும். என் வழக்கம் அதுதான். கேட்கவில்லை. "அப்படியா" என்றேன். மிச்ச வளையல்களையும் போட்டுவிட்டேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது மயிலாப்பூர் குளம் ஸ்டாப்பில் இறங்க மறந்து, எங்கேயோ போய் இறங்கி நடந்துவந்தேன்.

பயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு வந்த பயம் பொறுப்பாளர் அம்மாளைக் கண்டு அல்ல. நான் கேள்வி கேட்டுவிட்டு மாலையில் வீட்டுக்கு வந்துவிடுவேன். தங்கை அங்கேதான் இருப்பாள். என் கேள்விக்கான கோபம் என்னைத் தேடி மயிலாப்பூர் வராது. அங்கேயே பக்கத்து அறையில், எதையும் யாரிடமும் சொல்லத் தெரியாத ஒருத்தி இருக்கிறாள், அவள்மீது இறங்கும். கூட்டிவந்துவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். கூட்டிவந்து எங்கே வைப்பது? பூட்டிய வீட்டிலா, லஸ் கார்னரிலா?

அந்த வாரம் முழுக்க ஒத்திகை பார்த்தேன். ஞாயிறன்று பொறுப்பாளர் அம்மாளைப் பார்த்து, என் குரல் எனக்கே கேட்காத அளவுக்கு மெதுவாக, "கையில ஏதோ தடம் மாதிரி இருக்குங்க" என்றேன்.

கடையில் என் வேலை என்ன என்று இங்கே சொல்லிவிடுகிறேன். எக்ஸ்சேஞ்ச் கவுண்டர். சாயம் போன புடவை, கறுத்த ஜரிகை, எல்லாம் என்னிடம்தான் வரும். வருகிறவர்களைச் சமாளிக்க ஒரு முறை இருக்கிறது. முதலில் உட்காரவைக்க வேண்டும், நின்றால் குரல் ஏறும். பிறகு தண்ணீர். பிறகு, "உங்க இடத்துல நான் இருந்தாலும் இப்படித்தான் கோபப்படுவேன்." அதிலும் அடங்காவிட்டால் விற்ற பையனைக் கூப்பிட்டு அவர்கள் எதிரிலேயே திட்ட வேண்டும். பெரும்பாலானவர்கள் இளகிவிடுவார்கள். "பாவம், விடுங்க" என்று அவர்களே சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

பொறுப்பாளர் அம்மாள் என்னை உட்காரச் சொன்னார். தண்ணீர் வந்தது. "உங்க இடத்துல நான் இருந்தாலும் பதறித்தான் போவேன் மேடம்" என்றார். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம், வேண்டாம் என்று மனசுக்குள் கத்தினேன். அவர் ஆயாவைக் கூப்பிட்டார்.

"இவங்க உன் மேல கம்ப்ளெய்ன்ட் சொல்றாங்க. என்ன பண்ணி வெச்சிருக்கே?"

"நான் கம்ப்ளெய்ன்ட்டெல்லாம் சொல்லலீங்க!" என்று எழுந்துவிட்டேன். "சும்மா கேட்டேன், அவ்வளவுதான். ஆயாம்மா ரொம்ப நல்லாப் பாத்துக்கறாங்க. தங்கம் மாதிரி மனசு." நானே ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். கையில் கொண்டுபோயிருந்த ஆப்பிள் பையையும் அவரிடம் கொடுத்தேன். பொறுப்பாளர் அம்மாள் புன்னகையோடு, "உங்களுக்குத் திருப்தி இல்லைன்னா வேற இடம் பாத்துக்கலாம் மேடம், நாங்க தடுக்க மாட்டோம்" என்றார்.

என் கவுண்டரில் திட்டு வாங்கிய பையன் போய் அந்தப் புடவையை ஒன்றும் செய்துவிட மாட்டான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு இந்த நினைப்புதான்.

தினமும் போன் செய்தேன். "நல்லாத்தான் இருக்காங்க, பேசறீங்களா?" என்று அவளிடம் கொடுப்பார்கள். "எப்படி இருக்கேடி?" என்பேன். வேறு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. "நல்லா இருக்கேன்" என்பாள். யாரோ பக்கத்தில் மூச்சுவிடுவது கேட்கும். போனை வைத்த பிறகு அதை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அடுத்த ஞாயிறு கத்திரி வெயில். ரோட்டில் தார் இளகிக்கொண்டிருந்தது. தங்கை முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுவரை பித்தான் மாட்டி உட்கார்ந்திருந்தாள். அந்தச் சட்டை நான் வாங்கிக் கொடுத்ததில்லை. கன்னம் ஒட்டியிருந்தது. என் கையில் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்ததும் பிடுங்கி, சட்டையெல்லாம் நனைய, ஒரே மூச்சில் காலிசெய்தாள். இன்னொன்று வாங்கி வந்தேன். அதையும் குடித்தாள். தண்ணீர் கொடுத்தால் பாத்ரூமுக்குக் கூட்டிப் போக வேண்டும், அதனால் கொடுப்பதில்லை போலிருக்கிறது என்று எனக்கு மெல்லப் புரிந்தது. பித்தானைக் கழற்றிக் கையைப் பார்க்க வேண்டும். வாசற்படியில் ஆயா நின்றுகொண்டிருந்தார். என் விரல் பித்தான்வரை போய்த் திரும்பிவிட்டது. ஊரையே வாயால் அடக்குகிறவள், ஒரு பித்தானைக் கழற்றப் பயந்தேன்.

அன்று வீட்டுக்கு வந்து அரசாங்க அலுவலகத்துக்குப் புகார் எழுதினேன். மாற்றுத் திறனாளிகளுக்கான அலுவலகம். செல்போனிலேயே அனுப்பலாம் என்று கடையில் ஒரு பெண் காட்டிக்கொடுத்திருந்தாள். அனுப்பு என்ற இடத்தில் விரலை வைத்துவிட்டு, உடனே திரும்ப எடுத்துவிட முடியுமா என்று தேடினேன். முடியவில்லை. மறுநாளிலிருந்து செல்போன் அடித்தாலே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாப்பாடு இறங்கவில்லை. கவுண்டரில் ஒரு அம்மாள் புடவையை விரித்துக் கத்திக்கொண்டிருக்க, நான் வேறெங்கோ பார்த்தபடி "சரிங்க, சரிங்க" என்று மாற்றிக்கொடுத்துவிட்டேன். விசாரணை தேதி எனக்குச் சொல்லப்பட்ட அன்றே இல்லத்துக்கும் சொல்லப்பட்டுவிட்டது. அந்த இடைப்பட்ட நாட்களில் இல்லத்தில் போனை யாரும் எடுக்கவில்லை. அப்போது நான் கோவிலுக்குக்கூடப் போகவில்லை. ஏதாவது வேண்டிக்கொண்டால் நடந்துவிட்டதை ஒப்புக்கொண்டதுபோல ஆகிவிடும் என்று ஒரு பைத்தியக்காரப் பயம்.

விசாரணைக்கு வந்தவர் என் வயதுள்ள ஒரு பெண்மணி. வெயிலில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. அவரை உட்காரவைத்தார்கள். தண்ணீர் வந்தது. போச்சு என்று நினைத்தேன்.

தங்கையைக் கூட்டிவந்தார்கள். தலை வாரி, மல்லிகைப்பூ வைத்து, பவுடர் பூசி, புது நைட்டி. கை நிறைய வளையல். நான் வாங்கிக்கொடுத்த சிவப்பும் பச்சையும், மணிக்கட்டிலிருந்து மேலே நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தன. தடம் இருந்த இடம் துளிகூடத் தெரியவில்லை.

"இவங்க அக்கா ஆசையா வாங்கிக் குடுத்த வளையல் மேடம்" என்றார் பொறுப்பாளர் அம்மாள். "கழட்டவே விடமாட்டா."

அதிகாரி தங்கையின் பக்கம் நாற்காலியை நகர்த்திக்கொண்டார். நல்ல மாதிரியாகத்தான் கேட்டார். "என்னம்மா, இங்க எப்படி இருக்கே?"

கேட்காதீங்க, அதை மட்டும் கேட்காதீங்க என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"நல்லா இருக்கேன்" என்றாள் தங்கை. அவ்வளவு தெளிவாக, அவ்வளவு கணீரென்று. சொல்லிவிட்டு அதிகாரியின் கையைப் பார்த்தாள். ரிப்பன் பக்கோடா துண்டுக்காக.

"அது நாங்க சொல்லிக்கொடுத்தது மேடம்" என்றேன். "யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவா. காமாலையிலகூட அதான் சொன்னா. அவளுக்கு அர்த்தம் தெரியாது." சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி கேட்டது. அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். என் கவுண்டரில் நான் எழுதுவது போலவே, முகத்தில் ஒன்றும் காட்டாமல். இவர் எழுந்து போய்விடுவார். நானும் போய்விடுவேன். கேட் சாத்தப்படும். அதற்குப் பிறகு அவளை என்ன செய்வார்களோ.

டீ வந்தது, பிஸ்கட்டோடு. தங்கைக்கும் ஒன்று கொடுத்தார்கள். டீயில் முக்கித் தின்றாள். மோவாயில் வழிந்து புது நைட்டியில் சொட்டியது. பொறுப்பாளர் அம்மாள் ஆயாவைப் பார்த்தார். ஆயா பழக்கதோஷத்தில் தோளிலிருந்த துண்டை உருவிக்கொண்டு முன்னால் வந்தார்.

தங்கை பிஸ்கட்டைக் கீழே வைத்தாள். இடது கையால் வலது கை வளையல்களை முழங்கைப் பக்கம் தள்ளினாள். வலது கையால் இடது கை வளையல்களைத் தள்ளினாள். இடம் காலியானதும் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து, உள்ளங்கை மேலே பார்க்க, ஆயாவின் முன்னால் நீட்டினாள். பவுடர் அப்பிய தோலுக்கடியில் தடம் இருந்தது. பழைய கறுப்பின் மேல் புதிய சிவப்பு.

"நல்லா இருக்கேன்" என்றாள் ஆயாவைப் பார்த்து. "நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்."

அதிகாரியின் பேனா நின்றுவிட்டது. துடைக்க வந்த துண்டு ஆயாவின் கையில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒருத்தியா இருந்துக்கினு நா இன்னாம்மா பண்றது? ஒண்ணு கேட்டாண்ட ஓடும், ஒண்ணு மாடிக்கு ஓடும். கட்டிப் போட்டுட்டு வேலையப் பாருன்னாங்க. வேணான்னா வேலைய உட்டு நின்னுக்கோன்னாங்க." தலையில் அடித்துக்கொண்டார். "தெனம் துண்டை எடுத்தா அதுவே கைய நீட்டும்மா. ஒரு நாளு கூட அழுவல. அதான் எனக்கு..."

பொறுப்பாளர் அம்மாள் ஏதோ சொல்லத் தொடங்கினார். "நீங்க கொஞ்சம் பேசாம இருங்க" என்றார் அதிகாரி.

அன்றே தங்கையைக் கூட்டிவந்துவிட்டேன். விசாரணை இன்னும் நடக்கிறது என்கிறார்கள். மற்றப் பெண்களை வேறு இடங்களுக்கு மாற்றினார்கள் என்றும், அங்கேயும் ஆள் குறைவுதான் என்றும் கேள்விப்பட்டேன். ஆயா என்ன ஆனார் என்று தெரியவில்லை. அவர்மீது எனக்கு முழுசாகக் கோபமும் வரவில்லை, மன்னிக்கவும் மனசு வரவில்லை. நான் கடையில் அரை நாள் வேலைக்கு மாறிவிட்டேன். அந்த அரை நாளும் கீழ் வீட்டு அம்மாள் பார்த்துக்கொள்கிறார். நல்ல மனுஷி. ஆனாலும் படியேறும்போதே தங்கையின் கையைத்தான் என் கண் தேடும். நான் விழுந்துவிட்டால் இவளை யார் பார்ப்பார்கள் என்ற பயம் வேறு. அது பகல் முழுக்க என் கூடவே நடக்கிறது.

அவளுக்குப் புதிய வார்த்தைகள் சொல்லிக்கொடுக்கிறேன். அதே ரிப்பன் பக்கோடா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு. "வலிக்குது, சொல்லு. வேண்டாம், சொல்லு." அவள் என் வாயையே பார்ப்பாள், டப்பாவைப் பார்ப்பாள், "நல்லா இருக்கேன்" என்பாள். நான் ஒரு துண்டு கொடுத்துவிடுவேன். கொடுக்காமல் இருக்க எனக்கு மனசு வராது.

வளையல்களை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டேன். துண்டும் இப்போது அவள் கண்ணில் படாத இடத்தில்தான். முகம் துடைக்க என் முந்தானைதான். நேற்று அவளைக் குளிப்பாட்டித் தலை துவட்ட, ஞாபகமில்லாமல், துவைத்துக் கொடியில் போட்டிருந்த துண்டை உருவிவிட்டேன். சொட்டச் சொட்ட நின்றபடி அவள் என்னைப் பார்த்தாள். வெறும் கையில் இல்லாத வளையல்களை முதலில் இந்தக் கையில் மேலே தள்ளினாள், பிறகு அந்தக் கையில் தள்ளினாள். பிறகு இரண்டு கையையும் சேர்த்து என்னிடம் நீட்டினாள்.